ஸ்பைடர்மேனும் நம்ம ஊர் வலையும்



இந்த இதழுக்கு ஒரு சினிமாவைப் பற்றி எழுதட்டுமா என்று தமிழ் ஐயாவிடம் கேட்டேன். அவர் புருவத்தைத் தூக்கினார். "ஹீரோ சூப்பர், சண்டை சூப்பர்னு எழுதிட்டு வராதே. உனக்கு அதுல என்ன புரிஞ்சிது, என்ன புரியலைன்னு எழுது" என்று சொல்லி நாலு தாள் கொடுத்தார். நாலு தாளும் ரொம்பிவிட்டது. எழுத்து சின்னதாக இருந்தால் கொஞ்சம் கிட்ட வந்து படிக்கவும்.

நான் எழுதப்போகும் படம் 2023 ஜூன் 1-ம் தேதி இந்தியாவில் வெளியான 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்'. ஆட்கள் நடித்த படம் இல்லை, முழுக்க முழுக்க வரைந்து அசைய வைத்த படம். தமிழ் உட்பட 10 மொழிகளில் நம் நாட்டில் வந்தது. நான் பெரியம்மா மகனோட போனில், தமிழ்க் குரலில், மூணு தடவை பார்த்தேன். முதல் தடவை சண்டைக்காக. இரண்டாவது தடவை படத்துக்காக. மூணாவது தடவை பார்த்ததுக்குக் காரணம் வேற. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வலைன்னா நமக்குத் தெரியாதா?

முதலில் ஒரு விஷயம். தமிழில் சிலந்தி கட்டுறதும் வலைதான், நம்ம அப்பா, மாமா எல்லாம் ஏரியில் விடுறதும் வலைதான். ஒரே சொல். பசியாவரத்தில் பிறந்த பையன் ஸ்பைடர்மேனை விரும்புவதில் ஆச்சரியமே இல்லை. எங்க தெருவில் சாயங்காலம் போனால் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கிழிந்த வலையை ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்பைடர்மேன் ஒரு தடவை விட்ட வலையை அப்படியே தொங்கவிட்டுட்டுப் போய்விடுகிறான். ஒரு நாள் கூட அவன் உட்கார்ந்து வலை தைத்து நான் பார்த்ததில்லை. இதை எங்க ஆயாவிடம் சொன்னேன். "சோம்பேறிப் பய" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

ஸ்பைடர்மேன் முதன்முதலில் 1962-ல் அமெரிக்காவில் ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் வந்தான். கதை எழுதியவர் ஸ்டான் லீ, படம் வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அந்த ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர் பீட்டர் பார்க்கர். நான் சொல்லும் படத்தின் ஹீரோ அவன் இல்லை. இவன் பெயர் மைல்ஸ் மொராலஸ். இவன் 2011-ல் காமிக்ஸில் பிறந்தவன். வயசு 15. அப்பா கருப்பினத்தைச் சேர்ந்த போலீஸ்காரர். அம்மா போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த குடும்பம், ஆஸ்பத்திரி வேலை. பையன் வீட்டில் ஒரு மாதிரி பேசுவான், பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி பேசுவான். நாமளும் அப்படித்தானே? வீட்டில் "இன்னா" என்கிறோம், வகுப்பில் எழுந்து நின்றால் "என்ன" என்கிறோம்.

பெரியவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் காலத்து லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் வேறு ஆள். அது இங்கிலாந்துக் கதை. அந்த ஸ்பைடர் முதலில் திருடனாக இருந்து பிறகு நல்லவனாக மாறியவன். எங்க மாமா இரண்டு பேரையும் குழப்பி ஒரு மணி நேரம் என்னிடம் சண்டை போட்டார். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கி 'இரும்புக்கை மாயாவி' வந்தது, 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அமெரிக்க ஸ்பைடர்மேன் சினிமாவில் தமிழ் பேசுவதற்கு ரொம்ப முன்னாடியே, இங்கிலாந்து ஸ்பைடர் தமிழ் பேசிவிட்டான்.

ஓவியம் எப்படி நகருது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய நோட்டு போதும். நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு மீன் வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மீனைக் கொஞ்சம் தள்ளி வரையவேண்டும். பிறகு கட்டை விரலால் பக்கங்களைச் சர்ரென்று விடுங்கள். மீன் நீந்தும். அனிமேஷன் என்பது இதுதான். (கணக்கு நோட்டில் செய்யாதீர்கள். நான் செய்து மாட்டிக்கொண்டேன்.)

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இந்தப் படம் ஏறக்குறைய 140 நிமிஷம். கணக்குப் போடுங்கள்: 140 × 60 × 24 = 2,01,600. இரண்டு லட்சத்துக்கும் மேல்! இதற்காக ஏறக்குறைய ஆயிரம் கலைஞர்கள் வேலை செய்தார்கள் என்று படித்தேன்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு விநாடிக்கு 24 படமும் வேறு வேறாக இருந்தால் அசைவு வழவழவென்று இருக்கும். 12 படம் மட்டும் வரைந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டினால் கொஞ்சம் வெட்டி வெட்டிப் போவது மாதிரி இருக்கும். 2018-ல் வந்த முதல் பாகமான 'இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் இதை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். காட்டுக்குள் மைல்ஸும், பழைய ஆளான பீட்டரும் சேர்ந்து வலையில் தொங்கிப் போகும் இடத்தில், பீட்டர் வழவழவென்று போகிறான். பக்கத்திலேயே மைல்ஸ் தடுக்கித் தடுக்கிப் போகிறான். ஏன்? பீட்டருக்கு 24, மைல்ஸுக்கு 12! அவன் இன்னும் கற்றுக்கொள்ளாதவன் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிட்டார்கள். முதல் தடவை துடுப்புப் பிடிக்கும் பையனையும் எங்க அப்பாவையும் ஒரே படகில் உட்கார வைத்துப் பாருங்கள். அதே வித்தியாசம்தான். அந்த முதல் பாகம் 2019-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது.

இன்னொரு விஷயம். படத்தில் தூரத்தில் இருக்கும் பொருட்கள் சிவப்பு நிழலும் நீல நிழலுமாக விலகித் தெரியும். போன் ரிப்பேர் என்று நினைத்து நான் திரையைத் துடைத்தேன். அப்படி இல்லை. பழைய காமிக்ஸ் புத்தகங்களில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சடிப்பார்கள். அச்சு கொஞ்சம் நகர்ந்துவிட்டால் நிறம் கோட்டைத் தாண்டி வழியும். மலிவான காலண்டரிலும் பட்டாசு டப்பாவிலும் இன்றைக்கும் பார்க்கலாம், சாமிக்கு இரண்டு மூக்கு இருக்கும். அச்சகத்தின் அந்தத் தப்பையே அழகாக மாற்றிவிட்டார்கள். நிழல் விழும் இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்திருப்பதும் பழைய அச்சு முறையைப் பார்த்துத்தான்.

இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு உலகத்துக்கும் ஒவ்வொரு ஓவிய முறை. க்வென் என்ற பெண்ணின் உலகம் முழுவதும் வாட்டர் கலர். அவள் மனசு எப்படியோ அப்படி நிறம் மாறும். அப்பாவிடம் சண்டை போடும்போது சுவரே கரைந்து வழியும். ஹோபி என்ற இன்னொரு ஸ்பைடர்மேன் பேப்பரைக் கிழித்து ஒட்டியது மாதிரி இருப்பான். நம் சுவர் இதழில் கலர் பேப்பர் ஒட்டுகிறோமே, அது எழுந்து நடந்தால் ஹோபி மாதிரிதான் இருக்கும்.

நம் நாட்டு ஸ்பைடர்மேன்

படத்தில் ஒரு இந்திய ஸ்பைடர்மேன் வருகிறான். பெயர் பவித்ர பிரபாகர். பீட்டர் பார்க்கர் என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பிறகு பவித்ர பிரபாகர் என்று சொல்லிப் பாருங்கள். அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இவன் படத்துக்காகப் புதிதாக வந்தவன் இல்லை. 2004-லேயே 'ஸ்பைடர்மேன்: இந்தியா' என்று காமிக்ஸ் வந்தது. ஜீவன் ஜே. காங், சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன் மூவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதில் அவன் வேட்டி கட்டியிருப்பான். சண்டைக்கு நடுவில் அது எப்படி அவிழாமல் இருந்தது என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

படத்தில் அவன் ஊர் மும்பாட்டன். மும்பையையும் மன்ஹாட்டனையும் சேர்த்த ஊர். கட்டடத்துக்கு மேல் கட்டடம், அதற்கு மேல் ரோடு, அதற்கு மேல் இன்னொரு ரோடு. இந்த ஊரை வரைய, 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் என்ற நம் நாட்டுப் புத்தகங்களின் நிறங்களைப் பார்த்து வரைந்தார்களாம்.

மைல்ஸ் அவனிடம் "சாய் டீ" என்கிறான். பவித்ருக்குக் கோபம் வந்துவிடுகிறது. சாய் என்றாலே டீதானே, டீ டீ என்று யாராவது சொல்வார்களா என்று சண்டைக்கு நடுவில் பாடம் எடுக்கிறான். நம் ஆளுங்க மட்டும் "கேட்டு கதவு" "நடு சென்டர்" என்று சொல்வதில்லையா? அதனால் நான் அதிகமாகச் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்தியா என்றால் மும்பை மட்டும்தானா? அந்த ஊர் வருவதும் கொஞ்ச நேரம்தான். இன்னொரு பாகம் எடுத்தால் ஒரு ஸ்பைடர்மேன் கடலோரத்தில் பிறக்கட்டும். உயரமான கட்டடம் இல்லாத ஊரில் அவன் எதில் தொங்குவான் என்று கேட்கிறீர்களா? கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. அதை விட்டால் பாய்மரம்தான்.

கதையின் முடிச்சு

இனிமேல்தான் முக்கியமான பகுதி. படம் பார்க்காதவர்கள், பார்க்கப் போகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டி அடுத்த தாளில் உள்ள பொது அறிவுக் கேள்விக்குப் போய்விடலாம்.

எத்தனையோ உலகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பைடர்மேன். இவர்களுக்கெல்லாம் ஒரு சங்கம். அதன் தலைவர் மிகேல் ஓஹாரா. அவர் மைல்ஸிடம் ஒரு உண்மையைச் சொல்கிறார். எல்லா ஸ்பைடர்மேன் வாழ்க்கையிலும் சில சம்பவங்கள் நடந்தே தீரும். மாமாவோ சித்தப்பாவோ சாவார். பிறகு அவனுக்கு வேண்டிய ஒரு போலீஸ் அதிகாரி, யாரையோ காப்பாற்றப் போய்ச் சாவார். இதை யாராவது தடுத்தால் அந்த உலகமே அழியும். அதனால் தடுக்கக் கூடாது.

மும்பாட்டனில் பாலம் இடிந்து விழும்போது, ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போன இன்ஸ்பெக்டர் சிங்கை மைல்ஸ் காப்பாற்றிவிடுகிறான். அவர் பவித்ருக்குப் பிடித்த பெண்ணின் அப்பா. எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஆனால் அவர் சாக வேண்டியவராம்! கொஞ்ச நேரத்தில் அந்த ஊரில் ஒரு பெரிய ஓட்டை விழுகிறது. பார்த்தாயா, உன்னால்தான் என்கிறார் மிகேல்.

அடுத்து யார்? மைல்ஸோட அப்பாவுக்கு இன்னும் இரண்டு நாளில் கேப்டன் பதவி உயர்வு. அப்படியென்றால் அவரும் சாவார். மைல்ஸ் தடுக்கக் கூடாது. சங்கத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஸ்பைடர்மேன்களும் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். நாங்களும் இழந்தோம், நீயும் இழந்துதான் ஆகணும் என்பது மாதிரி.

மைல்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் துரத்த, தப்பித்து ஓடுகிறான். அப்பாவையும் காப்பாற்றுவேன், உலகத்தையும் காப்பாற்றுவேன் என்பது அவன் கட்சி.

அதோடு இன்னொரு அடியும் விழுகிறது. அவனைக் கடித்த சிலந்தி வேறு உலகத்திலிருந்து வந்தது, அவன் ஸ்பைடர்மேனாக ஆகியிருக்கவே கூடாது என்கிறார்கள். நீ இங்கே இருக்க வேண்டியவனே இல்லை. எனக்கு அந்த இடம் சுருக்கென்று குத்தியது. ஒரு தடவை வெளியூரில் ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த பையன் "பசியா? உங்க ஊர்ல எல்லாருக்கும் பசியா?" என்று சிரித்தான். அப்போது பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் வந்தது. பசியா வரம் என்று பிரித்தால் பசிக்காமல் இருக்கும் வரம். அடுத்த தடவை யாராவது கேட்கட்டும்.

மிகேல் சொன்னது சரியா?

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சி. மிகேல் வில்லன் என்பது ஒரு கட்சி. அவர் சொல்வது நியாயம் என்பது இன்னொரு கட்சி. நான் முதலில் இரண்டாவது கட்சியில் இருந்தேன். ஏனென்றால் மிகேல் கெட்டவர் இல்லை. அவர் வேறு ஒரு உலகத்துக்குப் போய், அங்கே செத்துப்போன தன்னைப் போன்ற ஆளின் இடத்தில், ஒரு மகளுக்கு அப்பாவாக வாழ்ந்தவர். அந்த உலகமே அவர் கண் முன்னால் மறைந்துவிட்டது. மகளும் போய்விட்டாள். அந்தப் பயத்தில்தான் விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

விதிமுறை வேண்டும் என்பதும் நமக்குப் புதிது இல்லை. நம் பழவேற்காடு ஏரியில் தலைமுறை தலைமுறையாகப் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. நல்ல பாடு ஒரு நாள் ஒருத்தருக்கு, மறுநாள் இன்னொருத்தருக்கு. என் கையில் வலை இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் விடுவேன் என்று ஒருத்தன் கிளம்பினால் ஏரியில் சண்டைதான் மிஞ்சும். ஒருத்தன் ஆசைக்காக எல்லோரையும் கெடுக்காதே என்று மிகேல் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதானே என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவை பார்க்கும்போது மூன்று வித்தியாசம் தெரிந்தது.

ஒன்று. பாடு முறையை மனுஷங்க கூடி உட்கார்ந்து போட்டார்கள். அதில் குறை இல்லாமல் இல்லை. பாடு உள்ள ஊர்களும் உண்டு, பாடு இல்லாத ஊர்களும் உண்டு. எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்பதும், வாக்குவாதம் நடப்பதும் உண்டு. ஆனால் கேட்க முடியும், உட்கார்ந்து பேச முடியும், மாற்ற முடியும். மிகேலின் விதியைப் பற்றி யாரும் கேட்கவே கூடாது.

இரண்டு. பாடு முறையில் இன்றைக்கு எனக்கு மீன் இல்லை என்றால் நாளைக்கு என் முறை வரும். நஷ்டம் எல்லோருக்கும் சுற்றி வரும், லாபமும் சுற்றி வரும். மிகேல் கேட்பது அப்படி இல்லை. ஒருத்தன் அப்பாவையே கொடுக்க வேண்டும். அதுவும் அவனைக் கேட்காமலே முடிவு எடுத்துவிட்டு, அவனுக்குத் தெரியாமலே மறைத்து வைக்கிறார்கள். அவனோட சிநேகிதி க்வெனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

மூன்று. இது அறிவியல் வகுப்பில் படித்தது. ஒரு விஷயம் நடந்தது, அதற்குப் பிறகு இன்னொன்று நடந்தது என்பதால் முதலாவதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. மும்பாட்டனில் ஓட்டை விழுந்தது இன்ஸ்பெக்டர் பிழைத்ததாலா? அதற்குச் சற்று முன்னால் ஸ்பாட் என்ற வில்லன் அதே இடத்தில் ஒரு பெரிய இயந்திரத்தை இயக்கி வெடிக்க வைத்தானே, அதனால் ஏன் இருக்கக் கூடாது? மிகேல் இதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. பயத்தில் சொன்னதை விதி என்று எழுதி வைத்துவிட்டார்.

அதனால் நான் கட்சி மாறிவிட்டேன். மிகேல் வில்லன் இல்லை. ஆனால் மைல்ஸ் சொல்வதுதான் சரி.

மூணாவது தடவை ஏன் பார்த்தேன்?

இப்போது அதைச் சொல்கிறேன். எங்க தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்னாடியே, முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டார். ஆயாவிடம் எப்போது கேட்டாலும் "அது விதிடா கண்ணு. கடல் எழுதி வச்சிது, வாங்கிக்கிச்சி" என்பார்கள். அதற்கு மேல் பேச மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

படத்தில் ஸ்பைடர்மேன்கள் எல்லோரும் தலை குனிந்து நின்ற இடத்தில், எனக்கு எங்க ஆயா முகம் ஞாபகம் வந்தது. நாங்க இழந்தோம், இது இப்படித்தான். அதே பேச்சு.

நான் யோசித்துப் பார்த்தேன். ஏரியும் கடலும் சேரும் அந்த முகத்துவாரத்தில் மண் சேர்ந்து மேடாகிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி மடங்கி அடிக்கும். படகு குறுக்கே திரும்பினால் கவிழும். இது எங்க ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் முகத்துவாரத்தைத் தூர் வாரி நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்று நம் மீனவர்கள் வருஷக்கணக்கில் கேட்டு வந்திருக்கிறார்கள். காரணம் தெரிந்த ஒன்றை விதி என்று எப்படிச் சொல்வது?

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது நம் நாட்டில் முன்னறிவிப்புச் சொல்ல ஒரு மையம் இல்லை. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. அன்றைக்கு எல்லோரும் விதி என்றார்கள். 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். கடலுக்கு அடியில் நிலம் ஆடினால் சில நிமிஷங்களில் கணித்துச் சொல்கிறார்கள். சுனாமி வருவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் ஜனங்களை முன்கூட்டியே கரையிலிருந்து தள்ளி நிற்க வைக்கலாம். 2004-ல் விதியாக இருந்தது இப்போது பாதி வேலையாக மாறிவிட்டது.

2011 டிசம்பர் 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் அன்றைக்கு, நம் பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது இன்னமும் குரல் இறங்கிவிடும். அதையும் விதி என்று சொல்லிவிட்டால் நாம் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். எங்க படகுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. அப்பா அதைப் போட மாட்டார். வலை இழுக்கும்போது இடைஞ்சல், வெயிலில் வேகும், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பார். ரொம்ப நாளாக அது எங்க வீட்டில் தலையணையாக இருந்தது. நன்றாகவும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கார்ட்டூன் பாத்துட்டு எனக்கு நீச்சல் சொல்லித் தர்றியா?" என்றார். நான் போனை வாங்கி அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். அதுதான் மூணாவது தடவை. அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். மைல்ஸ் தப்பித்து ஓடும் வரைக்கும் அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் அப்பனுக்கு இன்னும் விஷயமே தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அவங்கிட்ட போய் முதல்ல சொல்லச் சொல்லு. அவனும் உஷாரா இருப்பான் இல்ல?" என்றார்.

இரண்டே கால் மணி நேரப் படத்தில் யாருக்குமே தோன்றாத யோசனை அது! காப்பாற்ற வேண்டிய ஆளிடமே போய்ச் சொல்வது. எங்க அப்பா மிகேல் சங்கத்தில் இருந்திருந்தால் படம் இடைவேளையிலேயே முடிந்திருக்கும்.

மறுநாள் விடியக்காலையில் அப்பா கிளம்பும்போது எழுந்து பார்த்தேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தலையணையைக் காணோம். படகில் இருந்தது. முகத்துவாரம் தாண்டும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறாராம், கூடப் போகும் மாமா சொன்னார். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

படத்தின் குறைகள்

ரசிகன் என்றால் குறை சொல்லக் கூடாது என்று இல்லை. படம் பாதியில் நின்றுவிடுகிறது. மைல்ஸ் அவசரத்தில் தப்பான உலகத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறான். அங்கே அவன் அப்பா ஏற்கனவே செத்துவிட்டார், அவனே வேறு மாதிரி ஆளாக நிற்கிறான். அவ்வளவுதான், தொடரும்! எனக்கு வந்த கோபத்தில் போனை எறியப் பார்த்தேன். என் போன் இல்லை என்பதால் எறியவில்லை. அடுத்த பாகம் 2027-ல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். நாலு வருஷத்துக்கா ஒரு தொடரும் போடுவது?

இன்னொன்று, வேகம் அதிகம். ஒரே திரையில் நூறு பேர் ஓடினால் யாரைப் பார்ப்பது? சின்னத் தம்பி தங்கைகளுக்குக் கண் வலிக்கும். அமெரிக்கக் கிண்டல்கள் பாதி புரியவில்லை.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

ஸ்பாட் என்ற வில்லன் முதலில் வில்லனே இல்லை. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளியோடு ஆகிவிட்ட ஒரு விஞ்ஞானி. எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், மைல்ஸும் சிரித்தான். சிரிப்பு அதிகமாக அதிகமாக அவன் கறுப்பும் அதிகமானது. வகுப்பில் பட்டப்பெயர் வைப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும். (கடைசி பெஞ்சு நண்பர்களே, உங்களைத்தான்.)

பெரியவர்கள் விதி என்று சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்க ஆயாவிடம் நான் இன்னமும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் மாட்டேன். போனவரை நினைத்து ஆறுதல் அடைய அவர்களுக்கு அந்தச் சொல் வேண்டும். ஆனால் நாளைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சொல் வேண்டாம். அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் போதும்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஜாக்கெட் தலையணையாகக் கிடக்கும். இன்றைக்கு ராத்திரி எடுத்துப் படகில் வைத்துவிட்டு வாருங்கள்.



கொசுறு: படம் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி. மைல்ஸைக் கடித்த சிலந்தி எந்த எண் உலகத்திலிருந்து வந்தது? விடை தெரிந்தவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி, கீழே உள்ள டப்பாவில் போடவும். சரியாக எழுதியவர்களின் வகுப்பு அடுத்த இதழில் வரும். பரிசு கிடையாது.

— எழுதியவர்: 9-ம் வகுப்பு மாணவன், பசியாவரம்
— படங்கள்: அதே வகுப்பு, கடைசி பெஞ்சு